27-க்கு ராசி உண்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பந்தயக் கார் எண்களின் ராசி குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 27-ஐக் கூட்டினால் 9, அது செவ்வாயின் எண், ஆகவேதான் ஃபெராரிக்கு ராசி என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். செவ்வாய்க்கும் ஃபெராரிக்கும் பொதுவாக எனக்குத் தெரிவது சிவப்பு நிறம் மட்டும்தான். அந்த எண் அங்கே போய்ச் சேர்ந்த கதை வேறு.

அன்றைய ஃபார்முலா 1-இல் எண் அணிக்கு உரியது. சாம்பியனின் அணி 1, 2 எண்களை எடுத்துக்கொள்ளும். அதுவரை அவற்றை வைத்திருந்த அணிக்கு, சாம்பியன் அணியின் பழைய எண்கள் போகும். 1980-இல் வில்லியம்ஸ் அணியின் ஆலன் ஜோன்ஸ் 27-ஆம் எண் காரில் பட்டம் வென்றார். முந்தைய சாம்பியனான தன் ஓட்டுநர் ஷெக்டரால் 1, 2 வைத்திருந்த ஃபெராரி, 1981-இல் 27, 28-ஐ வாங்கிக்கொண்டது. பட்டத்தைப் பறிகொடுத்ததால் வந்த எண் அது!

அதை ரசிகர்கள் மனதில் பதித்தவர் ஃபெராரியின் கனடா நாட்டு ஓட்டுநர் ஜில் வில்நவ். ஆனால் அவருடைய 6 வெற்றிகளில் 27-இல் கிடைத்தவை இரண்டே: 1981 மொனாக்கோ, ஸ்பெயின். 1978-இல் மாண்ட்ரியாலில் தன் நாட்டு ரசிகர்கள் முன் வென்றபோது கார் எண் 12. 1982 மே 8 அன்று பெல்ஜியத்தின் ஸோல்டரில் உயிரை விட்டது 27-ஆம் எண் காரில். இதை எந்த ராசியில் சேர்ப்பது?

இத்தனைக்குப் பிறகும் சில பொருத்தங்கள் என்னை அசைத்துவிடுகின்றன என்பது உண்மை. வில்நவின் இடத்துக்கு வந்தவர் அவருடைய நண்பர் பேட்ரிக் டாம்பே. 1983-இல் இத்தாலியின் இமோலாவில் அவர் புறப்பட்டது 3-ஆம் இடத்திலிருந்து; முந்தைய ஆண்டு அதே களத்தில் வில்நவ் புறப்பட்டதும் 3-ஆம் இடத்திலிருந்துதான். கடைசிச் சுற்றுகளில் அவரை முந்திய போட்டியாளர் பட்ரேஸே உடனே மோதி வெளியேற, டாம்பே வென்றார். கார் எண் 27.

1995 மே 28 அன்று வில்நவின் மகன் ஜாக் 27-ஆம் எண் காரில் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றார். சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூன் 11 அன்று, மாண்ட்ரியாலில் ஜில் வில்நவ் பெயர் தாங்கிய களத்தில் ஃபெராரியின் ஜான் அலேசி வென்றார். அன்று அவருக்கு 31-ஆவது பிறந்தநாள். இருநூறுக்கும் மேற்பட்ட பந்தயங்களில் அவர் கண்ட ஒரே வெற்றி அதுதான். கார் எண்ணைச் சொல்லவும் வேண்டுமா?

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத் தொடரிலும் இப்படி ஒன்று உண்டு. கட்டுரையாளர் அதைத் தொடவில்லை. 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், 3-ஆம் எண் காரில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். 2018-இல் அதே பிப்ரவரி 18 அன்று, அதே 3-ஆம் எண்ணில் ஆஸ்டின் டில்லன் டேடோனாவை வென்றார். அன்று அவர் முன்னிலை வகித்தது ஒரே சுற்று, அந்தக் கடைசிச் சுற்று. எண்ணின் மகிமை என்பவர்கள் 2007-ஐயும் பார்க்க வேண்டும். அதுவும் பிப்ரவரி 18, வென்றவர் எர்ன்ஹார்ட்டின் இடத்தில் அமர்த்தப்பட்ட கெவின் ஹார்விக், எண் 29. ஆண்டுதோறும் பிப்ரவரி ஞாயிறு ஒன்றில் நடக்கும் பந்தயம் அது. 18-ஆம் தேதி மூன்று முறையும் ஞாயிறாக அமைந்தது காலண்டர் செய்த வேலை.

கடைசியாக, ஃபார்முலா 1 ஓட்டுநர் நிக்கோ ஹுல்கன்பர்க். ஆகஸ்ட் 19-இல் பிறந்ததால் 8-ஐயும் 19-ஐயும் கூட்டி, 2014-இல் 27-ஐத் தானே விரும்பி எடுத்தார். ஃபார்முலா 1-இல் முதல் முறையாக முதல் மூவரில் ஒருவராக அவர் மேடை ஏறியது 2025 ஜூலையில், சில்வர்ஸ்டோனில், தன் 239-ஆவது பந்தயத்தில்! இடையே 2015-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றாரே, அந்த போர்ஷேயின் எண் 19. பிறந்த தேதி என்று இதற்கும் ஒரு கட்டுரை வருமோ என்னவோ.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை