அடுத்த இதழ்: இரு நாட்டு வகுப்புகள் சேர்ந்து எழுதுவோம்

நண்பர்களே, அடுத்த மாணவர் இதழை வேறு நாட்டு இணை வகுப்போடு சேர்ந்தே எழுத வைப்போம். பண்டிகை, உடை என்று படங்களை மாற்றிக்கொள்வதோடு நிற்க வேண்டாம், அதில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. தண்ணீர்ப் பிரச்சினை, இடம்பெயர்ந்த குடும்பங்கள் மாதிரி ஒரே விஷயத்தை இரு பக்கமும் எடுத்து, ஆட்களைப் பேட்டி கண்டு, வரைவை மாற்றிக்கொண்டு, "இந்த வார்த்தை எங்களைக் காயப்படுத்துகிறது", "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டுக் கேட்டுத் திருத்தும்போதுதான் எதிர்த் தரப்பிலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு உறைக்கும். முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தின் ஃப்ரெனே 1920-களிலேயே வகுப்பறையில் அச்சுப்பொறி வைத்து, மாணவர் எழுத்தைத் தொலைதூரப் பள்ளியோடு பரிமாறச் செய்தார். நமக்கு இணையமே இருக்கிறது.

அப்புறம், பேட்டி தருபவரின் சம்மதம் இல்லாமல் பெயரோ படமோ வரக் கூடாது. சேர விரும்பும் ஆசிரியர்கள் வகுப்பையும் தலைப்பையும் இங்கேயே எழுதுங்கள்.