பொய் கேஸ் போடுவேன்னு மிரட்டுனா அன்னைக்கே எழுதிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

"பணம் குடுக்கலன்னா உன்மேல கேஸ் போட்டுருவேன்"னு மிரட்டி காசு பறிச்சவங்கள பத்தி பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது, ஆனா மிரட்டல் வந்த அன்னைக்கு அந்த ஆளு என்ன செஞ்சிருக்கணும்னு ஒரு வரி கூட வர்றதில்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர். நான் திண்டுக்கல்ல வக்கீல் குமாஸ்தா, ஜாமீன் மனு கட்ட தூக்கிட்டு கோர்ட் படி ஏறி இறங்குறதுதான் பொழப்பு.

எங்க ஆபீசுக்கு வர்றவங்க பெரும்பாலும் லேட்டாத்தான் வர்றாங்க. ஒரு லேத் பட்டறைக்காரர் வந்தாரு, பார்ட்னரோட கொடுக்கல் வாங்கல் தகராறு, அந்தாளு "கொலை முயற்சின்னு குடுக்கறேன், உன் பொண்டாட்டியையும் சேத்து விடுறேன்"னு வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டுருக்கான். இவரு பயந்துபோயி, ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வீட்ல வச்சு பேசி முடிச்சுக்கலாம்னு போயி, எதுவும் எழுதாத 20 ரூபா பத்திரத்துல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு, வீட்ல யாரும் கேட்டுருவாங்கன்னு அந்த வாய்ஸையும் அழிச்சுட்டு வந்து உக்காந்துருக்காரு. கையில இருந்த சாட்சியும் போச்சு, எதிராளிக்கு பத்திரமும் கெடச்சாச்சு.

அந்த வாய்ஸே தனி குத்தம்ங்க, அதுதான் யாருக்கும் தெரியல. 10 வருஷம் வரைக்கும் தண்டனை வர்ற மாதிரி ஒரு குத்தத்த உன்மேல சுமத்துவேன்னு பயமுறுத்தி பணம் கேட்டா, ஐபிசிக்கு பதிலா வந்த புது சட்டத்துல (பிஎன்எஸ்) 308-ம் பிரிவுப்படி கேட்டவனுக்கே 10 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, பணம் கைமாறியிருக்கணும்னு கூட அவசியமில்ல. அதனால மெசேஜ அழிக்காதீங்க, அது வந்த போனையும் எக்சேஞ்ச்ல குடுத்துறாதீங்க, ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருந்தா எதிர்தரப்பு வக்கீல் அதையே புடிச்சுத் தொங்குவாரு. கோர்ட்ல போடும்போது போன்ல இருக்கற சாட்சிக்கு புது சாட்சிய சட்டம் 63-ம் பிரிவு சர்டிபிகேட் வேணும், அத வக்கீல் பாத்துக்குவாரு, ஒரிஜினல் போன் நம்மகிட்ட இருக்கணும் அவ்ளோதான்.

அடுத்தது, அவன் ஸ்டேஷனுக்கு போறதுக்கு முன்னாடி நாம போகணும். தகராறு எதனால, எந்த தேதியில என்ன சொல்லி மிரட்டுனான்னு கோவத்துல ரெண்டு வார்த்த சேக்காம எழுதி, குடுத்துட்டு சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்குனதுக்கு ஸ்டேஷன்ல குடுக்கற சீட்டு) கேட்டு வாங்கிட்டு வாங்க, வாங்க மாட்டேன்னா எஸ்பி ஆபீசுக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி அந்த ரசீத பத்திரமா வைங்க. பின்னாடி முன்ஜாமீன் கேக்கும்போது, புகார் வர்றதுக்கு முன்னாடியே இவரு எழுதிக் குடுத்துருக்காருன்னு காட்ட அந்தத் தேதி ஒண்ணு போதும், வக்கீலுக்கு பாதி வேலை மிச்சம். எஃப்ஐஆர் போட்டாத்தான் முன்ஜாமீன் கேக்கலாம்னு நெனைக்கறாங்க, அப்படி இல்ல, கைது பண்ணிருவாங்கன்னு நியாயமான பயம் இருந்தாலே செஷன்ஸ் கோர்ட்லயோ ஹைகோர்ட்லயோ கேக்கலாம். எல்லா கேஸுக்கும் கெடைக்காது, எஸ்சி எஸ்டி வன்கொடுமை சட்டத்துல அதுக்குத் தடை இருக்கு, அதனால எந்த செக்‌ஷன்னு மொதல்ல வக்கீல்கிட்ட கேட்டுருங்க. வக்கீலுக்கு குடுக்க காசில்லன்னா 15100-க்கு போன் பண்ணுங்க, இலவச சட்ட உதவி நம்பர் அது.

7 வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள கேஸ்னா சும்மா தூக்கிட்டு போயிற முடியாது, கைது தேவையில்லன்னா விசாரணைக்கு வரச் சொல்லி பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த சட்டம்) 35(3) நோட்டீஸ் தான் குடுக்கணும், 2014-ல அர்னேஷ் குமார் வழக்குலயே சுப்ரீம் கோர்ட் இத அழுத்திச் சொல்லியாச்சு. அந்த நோட்டீஸ் வாட்ஸ்அப்ல அனுப்புனா செல்லாதுன்னும் 2025 ஜனவரில சொல்லிட்டாங்க. நேர்ல முறையா வந்துச்சுன்னா தலைமறைவாகாம தேதிக்கு போயி நில்லுங்க, ஊர விட்டு ஓடுனா இல்லாத கேஸுக்கு நாமளே உயிர் குடுத்த மாதிரி ஆயிரும்.

நான் எல்லா புகாரும் பொய்னு சொல்ல வரல. உண்மையா அடிபட்டு வர்ற பொம்பளைங்கள "பொய் கேஸ் தானே"ன்னு வாசல்லயே திருப்பி அனுப்பறதையும் பாத்துருக்கேன், அதுவும் அநியாயம் தான்.

கடைசியா ஒண்ணு. பொய்னு தெரிஞ்சே போலீஸ்ல புகார் குடுத்தா பிஎன்எஸ் 217-ம் பிரிவுப்படி 1 வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா பாதிக்கப்பட்டவரு நேரா கோர்ட்டுக்கு போயி அத கேக்க முடியாது, புகார வாங்குன அதிகாரியோ அவருக்கு மேல உள்ளவரோ தான் கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கணும். எனக்குத் தெரிஞ்சு பொய்னு ஃபைல க்ளோஸ் பண்ணிட்டு அடுத்த வேலைக்கு போயிர்றாங்க, யாரும் எழுதறதே இல்ல. அந்தக் கடுதாசிய எழுதச் சொல்லி எஸ்பிங்க ஸ்டேஷன்களுக்கு உத்தரவு போடணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
திண்டுக்கல்