அட்டையை நீக்கும் முன்

தேவிகுளம்

அன்பு மகள் கலைச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அங்கே மாப்பிள்ளையும் பேரன் இனியனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

திருப்பூரில் புதிய குடும்ப அட்டை வாங்க வேண்டும், அதற்காக இங்கே கேரளத்தில் உள்ள அட்டையிலிருந்து உங்கள் மூவரின் பெயரையும் உடனே நீக்கித் தாருங்கள் என்று கேட்டிருந்தாய். நீக்குவது பெரிய வேலை அல்ல, கேரள அரசின் இணையச் சேவை மையமான அட்சயா மையத்தில் விண்ணப்பித்துவிடலாம். ஆனால் இங்கே பெயர் போன நாளுக்கும் அங்கே புது அட்டை கைக்கு வரும் நாளுக்கும் இடையில் உங்களுக்கு எந்த மாநிலத்திலும் ரேஷன் இருக்காது. அங்கே முகவரிச் சான்று போதவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டால் அந்த இடைவெளி எவ்வளவு நாள் நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. போனில் இதையெல்லாம் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நீ எந்த ஊரில் வசிக்கிறாய் என்பதை எல்லா அலுவலகங்களும் ஒரே விதமாகக் கேட்பதில்லை, அம்மா. அரிசிக்கு ஒரு விதமாகவும், மாதத் தொகைக்கு வேறு விதமாகவும், இனியனின் சாதிச் சான்றிதழுக்கு முற்றிலும் வேறாகவும் கேட்பார்கள். ஆகவே எது எதற்கு எந்தத் தாள் என்று தெரிந்துகொண்ட பிறகு அட்டையில் கை வைப்போம்.

அரிசிக்காக மட்டும் என்றால் நீ எதையும் மாற்ற வேண்டியதே இல்லை. உன் மாமியார் பெயரில் உள்ள அட்டை பிங்க் அட்டை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் மஞ்சள், பிங்க் அட்டைகளுக்கு ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் பொருந்தும். நீல அட்டைக்கும் வெள்ளை அட்டைக்கும் பொருந்தாது. 2020 ஜனவரியில் கேரளமும் அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடும் இதில் சேர்ந்துவிட்டன. அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லிக் கைரேகை வைத்தால் ஆளுக்கு 5 கிலோ வீதம் உங்கள் பங்கைத் திருப்பூர்க் கடையிலேயே வாங்கலாம். சம்பந்தியம்மா தன் பங்கை இங்கே வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசு தன் அட்டைதாரர்களுக்குத் தரும் சர்க்கரை, பருப்பு, பாமாயில் உங்களுக்குக் கிடைக்காது. கடைக்காரர் 'வெளி மாநில அட்டை' என்று தயங்கினால், 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டதை மரியாதையாக எடுத்துச் சொல். இங்கே எனக்குள்ள ஒரே கவலை சம்பந்தியம்மாவின் கைரேகைதான். தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து ரேகை தேய்ந்த விரலை அந்த இயந்திரம் எளிதில் ஏற்பதில்லை. விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு, பின்னால் நிற்பவர்களைப் பார்த்து அவர் கூசி நிற்பதைக் காணவே மனம் பொறுக்கவில்லை. ரேகை விழாவிட்டால் செல்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைச் சொல்லி வாங்கலாம் என்பதால், அவருடைய ஆதாரில் உன் செல்பேசி எண் அல்லாமல் அவரிடமே இருக்கும் எண்ணைச் சேர்க்க ஏற்பாடு செய்கிறேன்.

மகளிர் உரிமைத் தொகை வேறு. 2023 செப்டம்பரில் தொடங்கிய அந்த 1,000 ரூபாய், தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்கு ஒரு பெண் என்ற கணக்கில் தரப்படுவது. கேரள அட்டையை வைத்துக்கொண்டு அதைக் கேட்க இயலாது. நீங்கள் திருப்பூரிலேயே தங்குவது என்று முடிவு செய்திருந்தால், அட்டையை மாற்றுவது நியாயமானதே, நான் தடுக்கவில்லை. எல்லைப் பகுதியில் சிலர் செய்வதைப் போல இரண்டு மாநிலத்திலும் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதே. அப்படிச் செய்கிற சிலரால்தான் நேர்மையாக இங்கே வாழ்கிற தமிழர்களையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள்.

மாற்றுவதென்றால் வசிப்பிடச் சான்றை முதலில் கையில் எடுத்துக்கொள். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதன் அருமை தெரியும். வீடு கம்பெனியுடையது, வீட்டு வரி ரசீதோ பட்டாவோ வாடகைச் சீட்டோ கிடையாது, மூன்று தலைமுறை தோட்டத்தின் ஒரே டிவிஷனில் கிடந்தாலும் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டில் பெயர் இருந்ததற்குச் சாட்சி சொல்ல மேனேஜரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். அங்கே காம்பவுண்டு வீட்டில் கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் வருகிறது, ஒப்பந்தம் எழுதித் தர அவர் மறுக்கிறார் என்றாய். வாடகைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்று தமிழ்நாடு 2017இல் இயற்றிய சட்டமே சொல்கிறது. 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வரி கூடிவிடும் என்றோ நீங்கள் வீட்டைக் காலி செய்ய மாட்டீர்கள் என்றோ அவர் அஞ்சலாம். மாப்பிள்ளை நேரில் போய்ப் பதினொரு மாதத்துக்கு மட்டும் எழுதித் தரும்படி கேட்கட்டும். அதனுடன் எரிவாயு இணைப்பு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றையும் அந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரில் முகவரி மாற்றினால் எல்லாம் ஆயிற்று என்று எண்ணாதே. ஆதார் எண் மட்டும் குடியுரிமைக்கோ நிரந்தர வசிப்புக்கோ சான்றாகாது என்று 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், 9ஆம் பிரிவு, தெளிவாகச் சொல்கிறது. பணம் கொடுத்தால் ஒப்பந்தத்தைத் 'தயார் செய்து' தருகிறேன் என்று வரும் ஏஜென்ட்டை வாசலிலேயே அனுப்பிவிடு. இவை கையில் சேர்ந்ததும் சொல். இனியனின் சாதிச் சான்றும் வந்துவிட்டால் அந்த வாரமே பெயர் நீக்கத்துக்கு விண்ணப்பித்து, நீக்கச் சான்றை வாங்கி அனுப்புகிறேன்.

இனி இனியன் விஷயம். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

பட்டியல் சாதிச் சான்றுக்கு இன்று எங்கே வசிக்கிறோம் என்று பார்ப்பதில்லை. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரின் ஆணை வெளியானபோது நம் குடும்பங்கள் எங்கே நிரந்தரமாக வசித்தன என்றே பார்ப்பார்கள். உன் பூட்டனார் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு மலை ஏறியவர். மாப்பிள்ளையின் முன்னோரும் அப்படியே. ஆகவே சட்டத்தின் கண்ணில் நாம் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். தமிழ் பேசி, தமிழ் படித்து, தமிழ்நாட்டுக்கே பிழைக்கப் போனாலும் அங்கே நாம் குடிபெயர்ந்தவர்கள்தான். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேலைக்காகவோ படிப்புக்காகவோ மற்றொரு மாநிலத்துக்குப் போனால் அங்குள்ள மாநில இடஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியது. கூலிக்காக மலை ஏறிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது கொடுமை என்றே நான் கருதுகிறேன். ஆனால் நடப்புச் சட்டம் அதுவாக இருக்கையில், நம் பிள்ளையின் சான்று தேவிகுளம் தாலுகாவிலிருந்தே வர வேண்டும். மத்திய அரசின் இடஒதுக்கீட்டுக்கு அது செல்லும். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகையையும், மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநில அரசே வழங்குவது முறை.

சான்று கொடுக்கும்போது 1950க்கு முந்தைய ஆதாரம் கேட்பார்கள். நான் பணியாற்றிய பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் மாப்பிள்ளையின் தாத்தா 1948இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பக்கம் இருக்கிறது. ஓரம் கரையான் அரித்து, மை பழுப்பேறிப் போயிருந்தாலும் தகப்பனார் பெயர், டிவிஷன், சாதி, சேர்ந்த தேதி நான்கும் படிக்க முடிகிறது. இன்னும் சில மழைக்காலம் கழிந்தால் அதுவும் இராது. தலைமையாசிரியரிடம் பேசி, கையெழுத்தும் முத்திரையும் வைத்த நகலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்தச் சான்று வரும்வரை பெயர் நீக்கம் வேண்டாம். வில்லேஜ் ஆபீசர் விசாரணைக்கு வரும்போது குடும்பத்தின் பெயர் இங்குள்ள அட்டையில் இருப்பது நல்லது. இனியனின் பிறப்புச் சான்றிதழ், மாப்பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், அவருடைய சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைப் பதிவுத் தபாலில் அனுப்பு. அசலை அனுப்பாதே. மாப்பிள்ளை அடுத்த விடுப்பில் வரும்போது தாசில்தார் அலுவலகத்துக்கு நானும் உடன் செல்கிறேன் என்று அவரிடம் சொல்.

அன்புடன்,
அப்பா