ஸ்டட் மாற்ற ஒரு நாள் ஏன் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவே பந்தயத் தடத்தில் டிராக் நாள் (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டும் நாள்) என்றால், அதற்கு முந்தைய மாலை எங்கள் பட்டறை வாசலில் நான்கைந்து கார்கள் வந்து நின்றுவிடும். "ஸ்டட் மாற்றுவது அரை மணி நேர வேலைதானே, காலையில் ஓட்ட வேண்டும்" என்பார்கள். (ஸ்டட் என்பது, வீல் பொருந்தும் சுழல் பகுதியான ஹப்பிலிருந்து நீண்டு நிற்கும் திருகு மரையுள்ள கம்பி; அதில் நட்டைப் போட்டுத்தான் வீலை இறுக்குகிறோம்.) இனி அப்படிச் செய்து தருவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். ஒரு முழு நாளும் இரவும் காரை எங்களிடம் விட்டுவைக்கச் சொல்கிறோம். சிலருக்கு இதில் வருத்தம் இருக்கிறது. காரணத்தைச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

என் மேசையில் ஒடிந்த ஸ்டட் ஒன்று கிடக்கிறது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடிவிட்டு வந்த ஒரு ஹோண்டா சிட்டியின் முன்சக்கரத்திலிருந்து எடுத்தது. நல்லவேளையாக மற்ற மூன்றும் தாக்குப்பிடித்தன. ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஓரத்தில் தொடங்கி முக்கால் பங்கு வரை வழுவழுப்பாக இருக்கும். குளம் வற்றும்போது கரையில் விழும் கோடுகளைப் போல வளைவு வளைவாகத் தெரியும். மிச்சமுள்ள கால் பங்கு, கற்கண்டை உடைத்தது போலச் சொரசொரப்பு. அந்தக் கால் பங்குதான் கடைசி நாளில் ஒடிந்தது. வழுவழுப்பான பங்கு பல நாட்களாகவே, சக்கரம் சுழலச் சுழல, சிறுகச் சிறுக விரிசல் விட்டு வந்திருக்கிறது. ஸ்டட்டின் இரும்பில் குறை எதுவும் இல்லை. அது தளர்ந்த நிலையில் ஓடியிருக்கிறது.

வீல் ஸ்டட்டின் மேல் தொங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஸ்டட் செய்வது ஒரே வேலைதான்: வீலை ஹப்போடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பது. பிரேக்கின் விசையையும் திருப்பத்தின் விசையையும் தாங்குவது அந்த இரண்டு முகங்களுக்கும் இடையே எழும் உராய்வு. சிட்டிக்கு ஹோண்டா சொல்லும் முறுக்கு விசை 108 நியூட்டன் மீட்டர். உலர்ந்த மரையில் அந்த அளவுக்கு இறுக்கினால், 12 மி.மீ. ஸ்டட் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலரை டன் விசையோடு வீலை இழுத்துப் பிடிக்கும். அப்படிப் பிடிக்கும்போது ஸ்டட் நீளும். எவ்வளவு தெரியுமா? சுமார் 0.06 மி.மீ. ஒரு தலைமுடியின் கனம்.

அந்த முடியளவு நீட்சி இருக்கும்வரை வீல் அசையாது. அது போய்விட்டால் வீல் ஹப்பின் மேல் நகரத் தொடங்கும். ஸ்டட் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து வளைந்து நிமிரும். என் மேசைக்கு இன்னொரு துண்டு வந்து சேரும். ஸ்டட் விஷயத்தில் நாங்கள் படும் பாடெல்லாம் அந்த ஒரு முடியளவைக் காப்பாற்றத்தான்.

இப்போது பவுடர் கோட்டிங் செய்த அலாய் வீல்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பூச்சின் கனமும் கிட்டத்தட்ட அதே முடியளவுதான். ஹப்பில் உட்காரும் முகத்திலோ நட் உட்காரும் குழியிலோ பூச்சு இருந்தால், பிரேக் சூட்டில் அது இளகி நசுங்கும். நசுங்கிய அளவுக்கு ஸ்டட்டின் நீட்சி குறையும். டிராக்கில் பிரேக் டிஸ்க் 400, 500 டிகிரி செல்சியஸ் வரை போவது சாதாரணம். செட்டிபாளையத்தில் ஒரு சுற்றே 2.1 கிலோமீட்டர்தான், அடுத்த பிரேக்குக்கு முன் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. ஆகவே புதிதாகப் பூச்சடித்த வீல் வந்தால், நாங்கள் முதலில் செய்வது அந்த இடங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. ஹப்பின் முகத்தில் படிந்த துருவுக்கும் இதே கதிதான்.

ஸ்டட்டை ஏற்றும் முறையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். சிட்டி, ஸ்விஃப்ட் போன்ற கார்களில் ஸ்டட் ஹப்பின் பின்பக்கத்திலிருந்து அழுத்தி ஏற்றப்படுகிறது. தலைக்கு அடியில் உள்ள பல்வரி துளையின் சுவரைக் கடித்துக்கொள்கிறது. பழைய ஸ்டட்டைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றிவிட்டு, புதியதை நுழைத்து, முன்பக்கம் வாஷர்களை அடுக்கி, நட்டைப் போட்டு ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றும் கருவி) இழுத்து உட்காரவைப்பது ஊரெங்கும் உள்ள வழக்கம். அந்த அரை மணி நேரக் கணக்கு இதிலிருந்துதான் வந்தது. ஆனால் சுத்தியலின் ஒவ்வோர் அடியும் பேரிங்கில் போய் விழுகிறது. ஏர் கன் புதிய ஸ்டட்டின் மரையை, கார் ஓடுவதற்கு முன்பே இழுத்துக் கெடுக்கிறது. எல்லாவற்றையும் விட, தலை முழுதாகப் படிந்ததா என்று கண்ணால் பார்க்க வழியில்லை.

ஆரம்பத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். மேசையில் கிடக்கும் ஸ்டட்டை ஏற்றியது எங்கள் கைதான். ஹப்பைக் கழற்றிப் பார்த்தபோது பக்கத்து ஸ்டட்டின் தலைக்கு அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தது; 0.2 மி.மீ. இடைவெளி. ஒடிந்ததும் அப்படியே இருந்திருக்க வேண்டும். பட்டறையில், குறித்த முறுக்கு எட்டியதைக் காட்டும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சரியாகத்தான் சொன்னது. டிராக்கில் சூடும் விசையும் சேர்ந்து தலையை உள்ளே இழுத்தபோது, முடியளவு நீட்சி முழுவதும் கரைந்துவிட்டது. அந்த வாடிக்கையாளரிடம் இதை நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் இன்றும் எங்களிடம் வருகிறார். அந்தப் பெருந்தன்மைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது ஹப்பைக் கழற்றி ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து ஏற்றுகிறோம். தலைக்கு அடியில் 0.05 மி.மீ. தகடுகூட நுழையக் கூடாது. முன்சக்கர ஹப்பை பேரிங்கிலிருந்து பிரித்தால் பழைய பேரிங் பெரும்பாலும் கெட்டுவிடும் என்பதால், புதிய பேரிங் போடச் சொல்கிறோம். செலவு கூடுகிறது என்பது தெரியும். அதைத் தவிர்க்க வழி இருந்தால் நாங்களே சொல்லியிருப்போம்.

ஃபோக்ஸ்வேகன் போலோ வைத்திருப்பவர்களின் கதை வேறு. அதில் ஸ்டட்டே கிடையாது, 14 மி.மீ. போல்ட்டுதான். அடிக்கடி வீல் மாற்றினால் ஹப்பிலுள்ள மரை தேயும். அது போனால் ஹப்பே போயிற்று. அதனால் ஹப்பில் திருகி ஏற்றும் ஸ்டட்டுக்கு மாறுவது நல்ல முடிவு. பழைய அழுக்கைப் போக்கி, சூடு தாங்கும் மரைப் பசையைத் தடவி, ஹப்பின் மரை முழுவதும் பிடிக்கும்படி ஏற்றுகிறோம். பின்பக்கம் துருத்திக்கொண்டு எதிலும் உரசாமல் இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்க்கிறோம். பசை முழுதாக இறுக 24 மணி நேரம் வேண்டும். நட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: போலோவின் கம்பெனி வீலில் நட் உட்காரும் குழி உருண்டை, வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. ஒன்றுக்கு உரிய நட்டை மற்றொன்றில் போட்டால் மெல்லிய வளையம் அளவுக்குத்தான் ஒட்டும்.

மரையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மாருதியில் மரை இடைவெளி 1.25 மி.மீ., ஹோண்டா, ஹூண்டாயில் 1.5 மி.மீ. மாறிய நட்டும் கையால் இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். அங்கே ஏர் கன்னை வைத்தால் இரண்டு மரையும் நாசம். நட் விரலாலேயே கடைசி வரை ஓட வேண்டும். குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும், வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே 5 மி.மீ. ஸ்பேசர் வளையம் போட்டால் அதில் 5 மி.மீ. குறைகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். நீண்ட ஸ்டட் போட்டவர்கள் மூடிய நட்டை வாங்க வேண்டாம். ஸ்டட்டின் முனை மூடியில் முட்டி நின்றுவிடும், ரெஞ்ச் இறுகியதாகச் சொல்லும், வீலோ இறுகியிருக்காது.

12.9 தர (எஃகின் பலத்தைச் சொல்லும் எண்) ஸ்டட்டைக் கொண்டுவந்து "இதுதான் அதிக பலம், இதைப் போடுங்கள்" என்று கேட்பவர்களுக்கு: மன்னிக்கவும், போட மாட்டோம். அவ்வளவு கடினமான எஃகுக்குத் துத்தநாக முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால், அது முன்னறிவிப்பே இல்லாமல் படாரென்று முறியும். நம்பகமான தயாரிப்பாளரின் 10.9 போதும். அதன் பல்வரி உங்கள் ஹப்பின் துளைக்குப் பொருந்துகிறதா என்று வெர்னியரால் அளந்த பிறகே வாங்குவோம்.

மரையில் எண்ணெய் தடவ வேண்டாம். நாம் இறுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது. மீதி உராய்வுக்குப் போகிறது. எண்ணெய் உராய்வைக் குறைத்தால் அதே 108-இல் ஸ்டட் அளவுக்கு மீறி நீண்டுவிடும். தயாரிப்பாளர் தடவச் சொல்லியிருந்தால் மட்டும், அவர் கொடுத்த முறுக்கு அளவோடு தடவலாம்.

டிராக்கில் ஓடி வந்தவுடன் நட்டை இறுக்காதீர்கள். வீலின் அலுமினியம் ஸ்டட்டின் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் சூட்டில் ரெஞ்ச் சொல்வது பொய்க் கணக்கு. வீலின் நடுவில் கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். பிறகு எதிரெதிர் வரிசையில் சரிபாருங்கள். நாங்கள் நட்டுக்கும் வீலுக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுத் தருகிறோம். கோடு விலகியிருந்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

வரும்போது டிராக்கில் போடப்போகும் அதே வீல், நட், ஸ்பேசர் எல்லாவற்றையும் காரோடு கொண்டுவாருங்கள். ஸ்டட்டை மட்டும் தனியாக விற்பதையும் நிறுத்திவிட்டோம். ஏற்றிய பிறகு சாலையில் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால், கட்டணமில்லாமல் மறுபடியும் இறுக்கிப் பார்த்து அனுப்புகிறோம். சனிக்கிழமை டிராக் என்றால் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறையினர், கோயம்புத்தூர்