உள்வரும் ஃபேக்ஸ்களுக்கு இயந்திரமே நேரம் குறித்து ஒப்புகை தரக் கோரும் மனு

அனுப்புநர்
பதிவு பெற்ற காப்புரிமை முகவர்

பெறுநர்
தலைமை இயக்குநர் அவர்கள்,
காப்புரிமை அலுவலகம்

பொருள்: அலுவலகத்துக்கு வரும் ஃபேக்ஸ்களைத் தானியங்கு முறையில் பெற்று, நேரம் பதிந்து, உரிய கோப்பில் சேர்த்து, உடனடி ஒப்புகை அனுப்ப ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கண்டுபிடிப்பாளர்களுக்காக விண்ணப்பம் எழுதுவதும், ஆய்வாளர் எழுப்பும் ஆட்சேபங்களுக்குக் கெடுவுக்குள் பதில் தாக்கல் செய்வதும் என் தொழில். இந்தத் தொழிலில் எழுத்துக்கு அடுத்தபடியாக எங்களை ஆட்டிப் படைப்பது தேதிதான். முதல் நாட்டில் விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அடுத்த நாட்டில் தாக்கல் செய்தால்தான் முன்னுரிமைத் தேதி (யார் முந்தியவர் என்பதைத் தீர்மானிக்கும் நாள்) நிற்கும் என்பது, 1883-ஆம் ஆண்டில் உருவான பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் இன்று உள்ள ஏற்பாடு. ஒரு நாள் தவறினாலும் பல ஆண்டு உழைப்பு கைவிட்டுப் போகலாம். அதனால்தான், ஒரு தாள் அலுவலகத்துக்கு எப்போது வந்தது என்ற சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டு தங்களிடம் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்சேபத்துக்கான பதில், மொத்தம் 23 பக்கம். அன்றுதான் கடைசி நாள். கட்சிக்காரர் இறுதி ஒப்புதல் தந்ததே மாலை கடந்து. இணையவழித் தாக்கல் தளம் பராமரிப்பில் இருந்ததால் ஃபேக்ஸ் எண்ணைச் சுழற்றினோம். இரவு 9.40-க்குத் தொடங்கி, கடைசிப் பக்கமும் போய் முடிந்து, ‘23 பக்கங்கள், ஓகே’ என்று எங்கள் இயந்திரம் அறிக்கை தந்தது. நிம்மதியாக விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினோம்.

அங்கே நடந்தது வேறு. பதினான்காம் பக்கத்தோடு தாள் தீர்ந்துவிட்டது. மீதி ஒன்பது பக்கங்களையும் இயந்திரம் தன் நினைவகத்தில் பிடித்து வைத்துக்கொண்டது. மறுநாள் காலை பணிக்கு வந்தவர் தட்டில் கிடந்த பதினான்கு தாளை எடுத்து, அன்றைய தேதி முத்திரையைக் குத்தி, உள்வரவுப் பதிவேட்டில் ஏற்றினார். பிறகு புதுத் தாள் வைத்ததும் மிச்ச ஒன்பதும் வெளியே வந்து விழுந்தன. அவற்றில் எதிலும் விண்ணப்ப எண் இல்லை (எல்லாப் பக்கத்திலும் போடாதது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன்). எனவே அவை ‘அடையாளம் தெரியாதவை’ தட்டுக்குப் போயின. ஒரு பதில், இரண்டு குற்றம்: கெடு தாண்டியது, முழுமையாகவும் இல்லை. கால நீட்டிப்புக் கட்டணம் கட்டி, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, அந்த ஒன்பது தாளையும் தேடிக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது.

இதில் அந்த ஊழியர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் கண்ணால் பார்த்த நேரத்தை முத்திரையாகக் குத்தினார். வேறு என்ன செய்ய முடியும்? குறை அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. ஃபேக்ஸில் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும், பெறும் இயந்திரம் ‘கிடைத்தது’ என்று ஒரு சமிக்ஞை திருப்பி அனுப்பும். அனுப்பியவருக்குக் கிடைக்கும் ‘ஓகே’ அதைத்தான் குறிக்கிறது. தாளில் அச்சாகிவிட்டது என்றோ, யாராவது பார்த்துவிட்டார் என்றோ அதற்குப் பொருள் இல்லை. ஆக, அந்த இரவே 23 பக்கமும் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் அதைச் சொல்லும் ஒரு வரி கூட எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

பக்கத்தின் உச்சியில் தேதியும் நேரமும் ஓடுகிறதே, அதைப் பார்க்கலாமே என்று அப்போது கேட்டேன். ஏற்க முடியாது என்றார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. அந்த வரியை அச்சிடுவது அனுப்புநரின் இயந்திரம். அதன் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தால் அதையே நம்பிக்கையாக அச்சிட்டு அனுப்பும். நான் சொல்லும் நேரத்தை நம்ப முடியாது, ஊழியர் குத்தும் நேரமோ விடிந்த பிறகான நேரம். உண்மையான நேரம் தெரிந்தது அலுவலகத்தின் இயந்திரத்துக்கு மட்டும்தான். அதை யாரும் கேட்டு எழுதி வைப்பதில்லை.

எனவே என் முதன்மையான வேண்டுகோள் இதுதான். இப்போதைய இயந்திரங்களுக்குப் பதிலாக, அதே தொலைபேசி எண்ணில், ஒரு ஃபேக்ஸ் சர்வர் (ஃபேக்ஸைப் பெறும் கணினி) அழைப்பை ஏற்கட்டும். அனுப்புவோர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. வரும் பக்கங்கள் தாளுக்குப் போகாமல் நேரடியாகப் படக் கோப்பாகச் சேமிக்கப்படட்டும். அழைப்பு தொடங்கிய நேரம், ஒவ்வொரு பக்கமும் முடிந்த நேரம், மொத்தப் பக்கம், இடையில் அறுந்திருந்தால் எந்தப் பக்கத்தில் என்பது ஆகியவை, நாட்டின் நிலையான நேரத்தோடு ஒத்திசைந்த கடிகாரத்தின்படி தானே பதியட்டும். பதிந்ததைப் பிறகு யாராலும் திருத்த முடியாதபடி இருக்கட்டும். தேதி முத்திரையின் வேலையை அந்தப் பதிவே செய்யும்.

அடுத்தது ஒப்புகை. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினால், வந்த நேரத்தையும் பக்க எண்ணிக்கையையும் குறிப்பிட்டுத் தானியங்கிப் பதில் ஃபேக்ஸ் திரும்பி வரும் ஏற்பாடு உண்டு. இதன் அருமை அனுப்புகிறவனுக்குத்தான் தெரியும். தாள் ஊட்டும் உருளையில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. 23 பக்கம் வைத்தால் 22 என்று போகும். ஒப்புகை சில நிமிடங்களில் வந்தால், விடுபட்ட பக்கத்தை நள்ளிரவுக்கு முன்பே மறுபடி அனுப்பிவிடலாம். ஒரு வாரம் கழித்துத் தபாலில் வரும் ஒப்புகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் ஒன்று: ஒப்புகையை, கோப்பில் பதிவாகியிருக்கும் முகவரின் எண்ணுக்கே அனுப்ப வேண்டும். வந்த தாளில் எழுதியிருக்கும் எண்ணையோ, அழைப்போடு வரும் அடையாள எண்ணையோ நம்பக் கூடாது. பின்னதும் அனுப்புநர் தன் இயந்திரத்தில் தானே எழுதி வைத்துக்கொள்வதுதான்.

மூன்றாவதாக, கோப்பில் சேர்ப்பது. தானியங்கு முறை என்றதும் ‘எழுத்தைப் படித்து எண்ணைக் கண்டுபிடித்துக் கோப்பில் போட்டுவிடும்’ என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். இங்கேதான் தாங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஃபேக்ஸின் சாதாரணத் தரத்தில், கிடைமட்டமாக மில்லிமீட்டருக்கு சுமார் 8 புள்ளி உண்டு. மேலிருந்து கீழாக 3.85 வரிதான். நுண்தரத்தில் அனுப்பினால் இது 7.7 ஆகும். பெரும்பாலோர் அவசரத்தில் சாதாரணத் தரத்திலேயே அனுப்புகிறார்கள். இரண்டு மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் இலக்கத்துக்கு மேலிருந்து கீழாக ஏழெட்டுக் கோடுதான் கிடைக்கும். 3-இன் வாய் மூடினால் 8 ஆகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு முகவரின் பதில், இப்படி ஓர் இலக்கம் மாறிப் படிக்கப்பட்டு, சம்பந்தமே இல்லாத வேறொருவரின் கோப்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அதைப் படித்தது மனிதக் கண்தான். இயந்திரக் கண்ணும் அதே தவறைச் செய்யும், ஆனால் தயங்காமல் செய்யும்.

இது தாள் தொலைந்தது என்ற அளவில் முடிகிற விஷயமல்ல. விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் வரை வெளியிடப்படாமல் இரகசியமாக இருக்கும். ஒருவரின் வெளியாகாத கண்டுபிடிப்பு விவரம் போட்டியாளரின் கோப்பில் சேர்ந்துவிட்டால், பிறகு எந்தத் திருத்த ஆணையாலும் அதை மறக்கச் செய்ய முடியாது. ஆகவே, விண்ணப்ப எண்ணோடு விண்ணப்பதாரர் பெயரும் ஒத்துப்போனால் மட்டுமே இயந்திரம் தானாகக் கோப்பில் சேர்க்கட்டும். ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாவிட்டால் ஊகிக்காமல் நிறுத்தி, ஓர் ஊழியரின் திரைக்கு அனுப்பட்டும். வந்த நேரம் ஏற்கெனவே பதிவாகிவிட்டதால், அவர் மறுநாள் நிதானமாகப் பார்த்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

இந்தச் சிக்கலைப் பாதிக்கு மேல் குறைக்க எளிய வழி ஒன்றும் உண்டு. ஆட்சேபக் கடிதம் அனுப்பும்போதே, விண்ணப்ப எண்ணைப் பார்கோடாக அச்சிட்ட முகப்புத் தாள் ஒன்றையும் அலுவலகமே இணைத்து அனுப்பலாம். பதில் அனுப்புவோர் அதை முதல் தாளாக வைத்தால் போதும். பார்கோட்டின் பட்டைகள் மட்டும் தடிமனாக, தாளின் அகலவாக்கில் வரிசையாக நிற்கும்படி அமைய வேண்டும். ஃபேக்ஸில் அந்தத் திசையில்தான் எந்தத் தரத்திலும் புள்ளிகள் குறையாது. மெல்லிய பட்டைகள் கரைந்துவிடும். அழகுக்காகச் சிறிதாக்கிவிட வேண்டாம்.

கட்டணத் தாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் கடன் அட்டை எண்ணை எழுதி ஃபேக்ஸில் அனுப்புகிறார்கள். இப்போது அது ஒரு மேசையில் தாளாகக் கிடக்கிறது. படக் கோப்பானால் கோப்பைத் திறக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கணக்குப் பிரிவுக்கு மட்டும் காட்டும் வசதி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

ஃபேக்ஸுக்குப் பின்னால் தபாலில் வரும் மூலப் பிரதியும் இன்று தலைவலிதான். சர்வதேச விண்ணப்பங்களுக்கான காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் விதி 92.4-இல், ஃபேக்ஸில் வந்ததன் மூலத்தை 14 நாளுக்குள் அலுவலகம் கேட்டுப் பெற இடமுண்டு. அப்படி வரும் மூலம் புதிய ஆவணமாகப் பதிவாகி, புதுத் தேதி பெற்று, சமயத்தில் இரண்டாம் முறை கட்டணமும் கேட்கப்படுகிறது. முதலில் வந்த ஃபேக்ஸோடு அதை இணைத்துக் காட்ட மென்பொருளில் ஓர் இடம் வேண்டும்.

நள்ளிரவைத் தாண்டி ஓடும் ஃபேக்ஸுக்கு என்ன தேதி என்பதையும் விதியில் எழுதிவிடக் கோருகிறேன். அமெரிக்காவில் அனுப்புதல் முழுவதும் வந்து முடிந்த நாளே கணக்கு. இங்கும் அதுவே விதி என்றால் இருக்கட்டும், ஆனால் எழுத்தில் இருக்கட்டும். பக்கவாரியாக நேரம் கையில் இருக்கும்போது, நள்ளிரவுக்கு முன் வந்த பக்கங்களை மட்டும் முந்தைய தேதியோடு வைத்துக்கொள்ள விண்ணப்பதாரர் விரும்பினால் அதற்கு இடம் தருவது நியாயம் என்பது என் கருத்து.

‘ஃபேக்ஸே போகப் போகிறது, அதற்கு எதற்குச் செலவு?’ என்ற கேள்வி தங்கள் முன் நிச்சயம் வைக்கப்படும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2024 ஜூலை 1 முதல் ஃபேக்ஸ் வழித் தாக்கலை நிறுத்திவிட்டது. நாளை இங்கும் நிறுத்தலாம், அதை எதிர்த்து நான் மனு எழுத மாட்டேன். 1843-இல் அலெக்சாண்டர் பெய்ன் பிரிட்டனில் பெற்ற காப்புரிமையில் தொடங்கிய தொழில்நுட்பத்துக்கு இது நீண்ட ஆயுள்தான். ஆனால் அந்த எண் அலுவலகத்தின் அறிவிப்பில் இருக்கும் வரை, இணையத் தளம் படுத்துவிட்ட இரவில் எங்களுக்கு அது ஒன்றுதான் வாசல். வாசலைத் திறந்து வைத்துவிட்டு, வந்தது யார், எப்போது என்று கேட்க ஆள் இல்லாமல் விடுவது முறையல்ல. நிறுத்துவதானால் முன்னறிவித்து நிறுத்துங்கள். வைத்திருப்பதானால் நேரம் குறித்து வாங்குங்கள். அதோடு, படக் கோப்பாக வரவைக் கையாளும் இந்த ஏற்பாடு தபாலை ஸ்கேன் செய்து சேர்க்கவும் அப்படியே பயன்படும். செலவு வீண் போகாது.

உள்வரவுப் பிரிவு ஊழியர்களை இதனால் குறைத்துவிட வேண்டாம். கடிதத் தலைப்பின் எழுத்தைப் பார்த்தே ‘இது இன்னாருடைய வழக்கு’ என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். இயந்திரம் நிறுத்தி வைக்கும் தாள்களுக்கு அந்தக் கண்தான் தேவை. ஆரம்ப மாதங்களில் பழைய பதிவேடும் புதிய பதிவும் இணையாக ஓடி, தினமும் மாலை இரண்டையும் அவர்களே ஒப்பிட்டுப் பார்த்தால், கோளாறு எங்கே என்பது ஒப்பந்ததாரர் சொல்வதற்கு முன்பே தங்களுக்குத் தெரிந்துவிடும்.

மேற்கண்டவற்றைத் தங்கள் மேலான பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டு ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முழு அமைப்பும் வரத் தாமதமாகும் என்றால், இப்போதுள்ள இயந்திரத்தின் வரவு அறிக்கையை ஒவ்வொரு காலையும் அச்சிட்டு உள்வரவுப் பதிவேட்டில் ஒட்டி வைக்கவும், அதில் உள்ள தேதியையே முத்திரையாகக் குத்தவும் உடனடியாக ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதற்குச் செலவு ஒரு தாள்தான். அழைத்தால் நேரில் வந்து விளக்கம் தரத் தயாராக உள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
காப்புரிமை முகவர்

இணைப்பு: இரவு 9.40-க்குத் தொடங்கிய அனுப்புதலின் அறிக்கை நகல். மறுநாள் தேதி முத்திரையிட்ட முதல் பக்கத்தின் நகல். முத்திரையே இல்லாத ஒன்பது பக்கங்களின் நகல்.