அந்தக் கூலிக் காட்சியைத் திரும்பச் சேருங்கள்: நாடகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்க நிர்வாகத்தினருக்கும் நாடகக் குழுவினருக்கும்,

வணக்கம். இங்கே லண்டனில் நீங்கள் தமிழில் மேடையேற்றிய, ஜே.பி. பிரீஸ்ட்லியின் ஆங்கில நாடகமான 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' பார்த்தேன். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, முதலாளியின் மனைவி திருமதி பர்லிங்காக வந்த அக்கா அருமையாகச் செய்தார். ஆனால் எந்தப் பெண்ணின் தற்கொலையை விசாரிக்க இன்ஸ்பெக்டர் வருகிறாரோ, அந்த ஏவா ஸ்மித் வேலை இழந்த கதை வரும் இடத்தை வெட்டிவிட்டு, "கொஞ்சக் காலம் எங்களிடம் வேலை செய்தாள், பிறகு போய்விட்டாள்" என்று ஒரே வசனத்தில் கடந்துவிட்டீர்கள். அடுத்த முறை அந்தப் பகுதியை முழுதாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நாடகம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் வெட்டியது எதை என்று சொல்லிவிடுகிறேன். முதலாளி பர்லிங்கின் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களுக்கு வாரத்துக்குச் சராசரியாக 22 ஷில்லிங் 6 பென்ஸ் (அப்போது 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). அதை 25 ஷில்லிங் ஆக்கித் தரச்சொல்லிக் கேட்கிறார்கள், வித்தியாசம் வெறும் இரண்டரை ஷில்லிங். கூலிச் செலவு 12 வீதம் கூடிவிடும் என்று கணக்குப் பார்த்து அவர் மறுக்கிறார். வேலைநிறுத்தம் தொடங்கியது விடுமுறை முடிந்த கையோடு, ஒருவரிடமும் காசில்லை, அதனால் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. மற்றவர்களைப் பழைய கூலிக்கே எடுத்துக்கொண்டு முன்னின்ற நாலைந்து பேரை மட்டும் வெளியே அனுப்புகிறார். அதில் ஒருத்தி ஏவா, நல்ல வேலைக்காரி, அவளுக்குப் பதவி உயர்வு கொடுக்கக்கூட மேற்பார்வையாளர் யோசித்திருந்தார். அப்பா அம்மா இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் வேலையும் இல்லை, அரைப் பட்டினி.

இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பர்லிங்கின் மகள் ஷீலாவின் பொறாமை, அவளை மணக்க இருக்கும் ஜெரால்டின் சபலம், மகன் எரிக்கின் குடி, அவ்வளவுதான். அவர்கள் கையில் அவள் அகப்பட்டதே வாரக் கூலி போனதால் அல்லவா? 1945இல் இருந்துகொண்டு பிரீஸ்ட்லி 1912இன் முதலாளி ஒருவரை விசாரணைக்கு நிறுத்தியது குடிக்காதே என்று புத்தி சொல்வதற்காக இல்லை.

உங்களில் ஒருவரிடம் கேட்டபோது நேரம் போதவில்லை என்றார். இடைவேளைக்குப் பிறகு அனுசரணையாளர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பொன்னாடை போர்த்தி, அவர்கள் பேசி முடிக்கும்வரை நடிகர்கள் திரைக்குப் பின்னால் காத்து நின்றார்களே, அதற்கு நேரம் இருந்தது. இன்னும் கொஞ்சம் கதைத்த பிறகுதான், "கடை முதலாளிமாரை முன்வரிசையில் இருத்திவிட்டு இதைப் போடலாமா" என்று உண்மையைச் சொன்னார். பின்வரிசையில் இருந்தவர்களை யாரும் யோசிக்கவில்லையா? அதே மாதிரிக் கடைகளில் நின்று, சட்டம் சொல்வதைவிடக் குறைவாகக் கையில் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் அங்கே இருந்தார்கள். வந்த புதிதில் நானும் ஒரு கடையில் நின்றவள். மணித்தியாலத்துக்குச் சட்டப்படி தர வேண்டியதைக் கேட்டேன், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அந்த மாத அறை வாடகையைத் தோழியிடம் கடன் வாங்கித்தான் கட்டினேன். நாங்கள் முடிந்தவரை கூடிய விலைக்கு விற்கப் பார்க்கிறோம், அவர்கள் கூடுதல் கூலி கேட்டால் என்ன பிழை என்று எரிக் அப்பாவிடம் கேட்பானே, அந்த இடத்தைத் தமிழில் கேட்கத்தான் நான் வந்தேன்.

அரங்கில் இருந்த பிள்ளைகளில் சிலர் ஜி.சி.எஸ்.ஈ. என்ற, பதினாறு வயதளவில் எழுதும் பள்ளிப் பரீட்சைக்கு இதைப் படிக்கிறவர்கள். பள்ளிக்கூடத்தில் பேசக்கூடியது எங்கள் மேடையில் மட்டும் பேசக்கூடாதது என்று அவர்களுக்கு யார் விளக்குவது? கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி, கலைவிழா என்று எல்லாவற்றுக்கும் அதே சிலர்தான் காசு தருகிறார்கள், அதனால் கூலி என்ற பேச்சே எங்கள் மேடைகளில் எழுவதில்லை. சரி, அது பெரிய கதை, இந்த மடலில் அடங்காது.

தயவுசெய்து அந்தப் பகுதியைத் திரும்பச் சேருங்கள். மொழிபெயர்ப்பில் சிக்கல் என்றால் நானே எழுதித் தருகிறேன். அனுசரணையாளர்களையும் அதே முன்வரிசைக்கு அழையுங்கள், அவர்களும் பார்க்கட்டும். அடுத்த ஒத்திகை தொடங்குவதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

நன்றி.
உங்கள் நாடகங்களைத் தவறாமல் பார்க்கும் ஒருத்தி