மட்டம் முதலில், முட்டு பிறகு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்டிருந்ததைப் போகிற போக்கில் எழுத மனம் வரவில்லை. இன்று காலை வண்டியடிக்குப் போய், எல்லாவற்றையும் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. வலது கண்ணில் புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. ரசமட்டத்தின் கோடுகள் இரண்டும் மறுபடி தெளிவாகத் தெரிகின்றன. அதற்காகவே டாக்டருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னேன். மகள் வேலை மாறியிருக்கிறாள். பேரன் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான்.

இனி உன் சேதி. காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளேயே படுத்துத் தங்குகிற டிரெய்லர் ஒன்றை நீ வாங்கிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்! ஆனால் அடுத்த பத்தி மனதை உறுத்தியது. ராத்திரி ஒருவர் புரண்டால் இன்னொருவருக்கு விழிப்பு வருகிறது, தலைமாடு தாழ்ந்து கிடந்ததில் உன் மனைவிக்குக் கிறுகிறுப்பு, இனி வரமாட்டேன் என்கிறாள். இதற்கு நடுவே ஒரு வரி எழுதியிருந்தாய்: வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால், அடியில் நாலு மூலையிலும் இருக்கிற மூலை ஜாக்கிகளைத் திருகித் தூக்கி நேராக்கினேன் என்று. நண்பா, அதை மட்டும் இனிமேல் செய்யாதே. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதே.

நானும் அதையேதான் செய்தேன். முதல் வருஷம், சாய்வான ஓர் இடம். பள்ளமாக இருந்த பின் மூலையில் ஜாக்கியை வைத்துத் திருகிக்கொண்டே போனேன். குமிழ் நடுவுக்கு வந்தது, எனக்கும் திருப்தி. அப்புறம் கதவைச் சாத்தப் போனால் மேல் ஓரம் சட்டத்தில் இடித்தது. ஜாக்கியை இறக்கியதும் கதவு சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அடுத்த மழையில் ஜன்னல் மூலையில் ஈரம் கசிந்தபோதுதான் புரிந்தது. அடிச்சட்டம் முறுக்கியதில் சுவர் இணைப்பின் பூச்சு விரிந்திருக்கிறது. நம்முடையதைப் போன்ற சின்ன வண்டிகளில் அந்த மூலை ஜாக்கிகள் பாரம் தூக்குவதற்காகப் பொருத்தப்பட்டவை அல்ல. வண்டியின் எடையைச் சக்கரங்களும், மூக்கில், அதாவது காரோடு மாட்டுகிற முன்முனையில் இருக்கிற முன் ஜாக்கியும் தாங்க வேண்டும். மூலை ஜாக்கி ஆட்டத்தை அடக்கினால் போதும். அதற்கு மட்டும்தான் அது.

விடுதி அறையில் நம் மேஜை நினைவிருக்கிறதா? நான் எழுதினால் உன் பக்கம் ஆடும். நீதான் காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் வைப்பாய். மேஜையைத் தூக்கியா வைத்தாய்? இல்லையே. இடைவெளி எவ்வளவோ அவ்வளவு தடிப்புக்கு மடித்துச் செருகுவாய், ஆட்டம் நின்றுவிடும். மூலை ஜாக்கியின் வேலையும் அதுதான்.

ஆக, மட்டம் பார்ப்பது ஒரு வேலை, முட்டுக் கொடுப்பது இன்னொரு வேலை. மட்டத்திலும் குறுக்கு மட்டம் முதலில், நெடுக்கு மட்டம் பிறகு. ஏனென்றால் குறுக்கே சரிசெய்யச் சக்கரத்தைப் பலகைமேல் ஏற்ற வேண்டும். அதற்கு இழுக்கிற வண்டி மாட்டியிருக்க வேண்டும். கழற்றிய பிறகு நினைத்தால் எல்லாவற்றையும் மறுபடி மாட்ட வேண்டியதுதான்.

எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுவது என்பதை நான் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. 60 செ.மீ. நீள ரசமட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். அதை வண்டிக்குள்ளே தரையில் குறுக்கே வைப்பேன். குமிழ் மேட்டுப் பக்கம் ஓடும். பள்ளத்துப் பக்க முனைக்கு அடியில் தீப்பெட்டியோ அட்டையோ ஒவ்வொன்றாகக் கொடுத்து, குமிழ் நடுவுக்கு வந்ததும் அந்த இடைவெளியை அளப்பேன். போன தடவை சரியாக 2 செ.மீ. இருந்தது. என் வண்டியில் ஒரு சக்கரத்தின் நடுவிலிருந்து மறு சக்கரத்தின் நடுவுக்கு 180 செ.மீ. அதாவது மட்டத்தின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு. அப்படியானால் சக்கரத்துக்கு 6 செ.மீ. வேண்டும். 3 செ.மீ. பலகை இரண்டு. அவ்வளவுதான் கணக்கு, ஒரே ஏற்றத்தில் முடிந்துவிடும். உன் வண்டியின் அகலம் வேறாக இருக்கலாம், அளந்துகொள்.

அந்த ரசமட்டத்தையே ஒருமுறை சோதித்துவிடு. ஓரிடத்தில் வைத்துக் குமிழைப் பார், பிறகு அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வை. குமிழ் மேட்டுப் பக்கமாகவே அதே அளவு நின்றால் மட்டம் நல்லது. வேறு இடத்துக்குப் போனால் அந்த மட்டத்தை நம்பாதே.

பலகைகளில் கீழே இருப்பது நீளமாகவும் மேலே இருப்பது குட்டையாகவும் இருக்கட்டும், படி மாதிரி. ஏறுகிற முனையைச் சாய்வாக அறுத்துவிட்டால் சக்கரம் இடிக்காமல் ஏறும். ஏறும்போது பலகை ஒரு தடவை முனகும், பிறகு மண்ணில் அமுங்கி அடங்கும். அந்தச் சத்தம் நின்ற பிறகே மட்டம் பார். டயரின் அடி முழுக்கப் பலகைமேல் இருக்க வேண்டும். பாதி டயர் விளிம்புக்கு வெளியே தொங்கினால் உள்ளே இருக்கிற கம்பிப் பட்டைகளுக்குக் கேடு. ஒரு ராத்திரிதானே என்று விடாதே.

அடுத்து கட்டை. இரண்டு சக்கரங்களுக்கும், முன்னும் பின்னுமாக, இறுக்கமாகக் கட்டை கொடுத்த பிறகுதான் கொண்டியில், அதாவது இழுவண்டியோடு மாட்டுகிற பூட்டில், கை வைக்க வேண்டும். பலகைமேல் இருக்கிற சக்கரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதாது. தரையில் இருக்கிற சக்கரத்துக்கும் வேண்டும். பாதுகாப்புச் சங்கிலியை உடனே கழற்றாதே. முன் ஜாக்கியால் கொண்டியை, இழுவண்டியின் பின்னால் அது மாட்டியிருக்கிற இரும்புக் குண்டிலிருந்து மேலே எழுப்பு, வண்டி அசையாமல் நிற்கிறதா பார், அப்புறம் கழற்று. தப்பித்தவறி வண்டி உருளப் பார்த்தால் அந்தச் சங்கிலி ஒன்றுதான் பிடிக்கும். கொண்டி குண்டைவிட்டு மேலே எழும்புகிற உயரத்தை முன் ஜாக்கித் தண்டில் ஒரு சாயக் கோடாகக் குறித்து வைத்திருக்கிறேன். திரும்ப மாட்டும்போது அந்தக் கோட்டுக்கு ஏற்றி நிறுத்தினால் இழுவண்டியைப் பின்னால் எடுத்து நேராக அடியில் விடலாம்.

நெடுக்கு மட்டம் சுலபம். முன் ஜாக்கியைத் திருகித் திருகிக் குமிழை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், வேறொன்றுமில்லை. ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை வைக்க மறக்காதே.

இப்போது ஒரு முக்கியமான விஷயம், அவள் கிறுகிறுப்பு என்று சொன்னதால் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். கழற்றிய டிரெய்லர் இரண்டு சக்கரம், ஒரு முன் ஜாக்கி என்று மூன்று கால்களில் நிற்கிறது. பாட்டன் காலத்து மாட்டுவண்டியில் முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்களே, அதே கதைதான் இங்கேயும். சின்ன டிரெய்லரில் முன்பாரம் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். 900 கிலோ வண்டி என்றால் மூக்கில் 90 கிலோ. அந்த நிலையில் இரண்டு பேர் பின்கட்டிலில் போய் உட்கார்ந்தால் மூக்கு மேலே எழும்பிவிடலாம். அதனால் பின்பக்க மூலை ஜாக்கிகளை இறக்கும்வரை யாரையும் உள்ளே ஏறவிடாதே. பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்களை முதலில் பிடித்து நிறுத்து.

சரி, முட்டுக் கொடுப்பதற்கு வருகிறேன். நாலு மூலைக்கும் அடியில் கெட்டியான பலகைத் துண்டு வை. ஜாக்கியின் பாதம் சின்னது; ஈர மண்ணில் அது ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிவிடும். பின்பக்கம் இரண்டு, பிறகு முன்பக்கம் இரண்டு. பாதம் பலகையைத் தொடும்வரை திருகு, தொட்டதும் கைப்பிடியில் ஓர் இறுக்கம் தெரியும். அங்கிருந்து அரைத் திருகு, அதிகமானால் முக்கால். அதற்கு மேல் வேண்டாம். மோட்டார் திருகி வைத்துச் சுற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அதில் கை உணர்வு போய்விடுகிறது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வண்டியைத் தூக்கிவிடுகிறார்கள். கடைசி அரைத் திருகையாவது கையால் செய்.

வண்டி ஆடுவது ஏன் என்று கேட்டிருந்தாய். சக்கரங்களைத் தாங்குகிற வில்லும் (ஸ்பிரிங்) டயரும் மென்மையானவை, பாதையில் அதிர்ச்சியைத் தாங்கத்தான் அப்படி. நின்ற இடத்தில் நீ ஒரு அடி எடுத்துவைத்தாலும் அவை அமுங்கி எழும்பும். மூலை ஜாக்கி அடிச்சட்டத்தை நேரே தரையோடு சேர்த்துவிடுகிறது, அதனால் வில்லுக்கு வேலை குறைகிறது. ஆனால் முழுக்க அசையாமல் வீடு மாதிரி நிற்கும் என்று எதிர்பார்க்காதே. டயரில் சக்கரக் கட்டை தளர்வாக இருந்தால் முன்பின்னாக ஓர் ஆட்டம் பாக்கியிருக்கும். ராத்திரி படுப்பதற்கு முன் கட்டைகளை ஒருமுறை காலால் தட்டி இறுக்கு.

உன் வண்டியில் இருப்பது கேஸில் ஓடுகிற பிரிட்ஜ் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் மட்டம் உறக்கத்துக்காக மட்டும் அல்ல. அந்த அமைப்பை 1922-இல் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் மூன்டர்ஸ் என்ற இரண்டு சுவீடன் மாணவர்கள் உருவாக்கினார்கள். உள்ளே பம்பு கிடையாது. அமோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும் குழாய்களுக்குள் சூட்டாலும் தன் எடையாலும் தாமாகவே சுற்றுகின்றன. வண்டி சாய்ந்திருந்தால் திரவம் திரும்பி இறங்காமல் குழாயில் தேங்கும், கொதிகலன் பகுதி அளவுக்கு மீறிச் சூடேறும், நாளடைவில் உள்ளே கசடு படிந்து அடைத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பகுதியையே மாற்ற வேண்டும். பல பிரிட்ஜ்களின் கையேட்டில் ஒரு திசையில் 3 டிகிரி, மற்ற திசையில் 6 டிகிரி என்று எல்லை போட்டிருப்பார்கள், உன்னுடையதைப் பார்த்துக்கொள். என் 60 செ.மீ. மட்டத்தில் 3 செ.மீ. இடைவெளி வந்தால் கிட்டத்தட்ட 3 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரியில் ஓடுகிற கம்ப்ரசர் பிரிட்ஜுக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை.

குமிழ் மயிரிழை பிசகாமல் நடுவில் நிற்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதில்லை. தலைமாட்டுப் பக்கம் ஒரு விரல்கடை உயர்ந்திருந்தால் அவளுக்கு நல்லதுதான். மழை வருகிற மாதிரி இருந்தால் பந்தல் துணியின் ஒரு மூலையை மட்டும் தாழ்த்து. தண்ணீர் தேங்கிக் குடம்போலத் தொங்கினால் கம்பி வளைந்துவிடும்.

முதல் இரவு கழிந்ததும், காலையில் எழுந்தவுடன் மட்டத்தைப் பார். மண் இறங்கியிருக்கும். ஜாக்கி ஒன்று பலகையைவிட்டுத் தளர்ந்திருந்தால் கால்வாசித் திருகு கொடுத்தால் சரியாகும். இன்னொன்று: எந்தக் காரணத்துக்காகவும் ஜாக்கிமேல் நிற்கிற வண்டிக்கு அடியில் நுழையாதே.

கிளம்பும்போது வந்த வழியே திரும்ப வேண்டும். மூலை ஜாக்கி நாலும் முதலில் மேலே. பிறகு கொண்டி, சங்கிலி. கட்டைகளைக் கடைசியில் எடு. எடுத்ததும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வா. நான் ஒவ்வொரு ஜாக்கியையும் கையால் தொட்டு, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுகிறேன். கீழே தொங்குகிற ஒரு ஜாக்கி மேட்டில் இடித்தால் சட்டத்தையும் பிய்த்துக்கொண்டு போகும்.

அவளிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல், இன்னும் ஒரே ஒரு தடவை வரட்டும். அடுத்த மாதக் கடைசியில் நாம் நாலு பேரும் சேர்ந்து போகலாம். அதற்குள் உன் வண்டியில் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே எத்தனை செ.மீ. என்றும், டயர் எவ்வளவு அகலம் என்றும் அளந்து எழுது. என்னிடம் நல்ல காய்ந்த பலகை இருக்கிறது. உனக்கும் ஒரு ஜோடி அறுத்து, முனை சீவிக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் அறைத்தோழன்